ஏசிக்கு வயசு என்ன?

பட்டான்செருவுக்கு மாற்றலாகி வந்த நம்மூர்க்காரர்கள் வாடகைக்கு வீடு பார்க்கும்போது கேட்பது இரண்டு கேள்வி. தண்ணி எப்படி? ராத்திரி ஜன்னலைத் திறந்து வைக்கலாமா? தொழிற்பேட்டைப் பக்கமிருந்து காற்று அடிக்கும் நாட்களில் திறக்க முடியாது. அதனாலோ என்னவோ, நாங்கள் வாங்கிய பழைய வீட்டில் மாடி முழுக்க டக்ட் போட்ட சென்ட்ரல் ஏசி இருந்தது. "2015ல போட்டது சார், கல்லு மாதிரி ஓடும்" என்று விற்றவர் சொன்னார்.

கல்லு மார்ச் மாசமே படுத்துவிட்டது. மே மாதம் மயிலாடுதுறையிலிருந்து அப்பா வருகிறார், வயசு எண்பது. மெக்கானிக் வந்து பார்த்து, காயில் ஓட்டை, அடைத்து கேஸ் நிரப்ப இருபத்தெட்டாயிரம் ஆகும் என்றார். கூடவே தலையைச் சொறிந்துகொண்டு, "இதி பாத கேஸ் சார்" என்றார். பழைய கேஸாம்.

அடியேன் படித்தது பி.காம். சொத்து வாங்கிய தேதி தெரியாமல் தேய்மானம் போட எங்களுக்குக் கை வராது. பில் இல்லை, வாரண்டி அட்டை இல்லை. சரி, மெஷினையே கேட்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை டார்ச்சும் பழைய துணியுமாக மொட்டை மாடி ஏறினேன். ஒரு தகரத் தகட்டில் இவ்வளவு சரித்திரம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

முதலில் கேஸ். தகட்டில் ஆர்-22 என்று இருந்தது. இதன் கதை 1928ல் ஆரம்பிக்கிறது. அப்போதெல்லாம் ஃப்ரிட்ஜில் அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்ஸைடு மாதிரி விஷவாயுக்கள்தான். கசிந்தால் ஆளைக் கொல்லும். அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லியும் கூட்டாளிகளும் விஷமில்லாத, தீப்பிடிக்காத குளோரோஃப்ளோரோகார்பன்களைக் கொண்டுவந்தார்கள். உலகமே கொண்டாடியது. 1974ல் மொலினா, ரோலண்ட் என்ற இருவர், இது மேலே போய் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று எழுதினார்கள். 1985ல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் ஓட்டை பற்றிய செய்தி வந்தது. 1987ல் மான்ட்ரியல் ஒப்பந்தம். இந்தியா அதில் 1992ல் சேர்ந்தது.

ஆர்-22 அந்தக் குடும்பத்தில் ஒன்றுவிட்ட தம்பி. ஓசோனுக்குக் கெடுதல் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. அதனால் இதற்கு மட்டும் தவணை கொடுத்தார்கள். அமெரிக்காவில் 2010லிருந்து புது மெஷினுக்கு ஆர்-22 கூடாது. டல்லாஸில் வீடு வாங்கிய என் சித்தப்பா பையன் தகட்டில் ஆர்-22 பார்த்தால், பெரும்பாலும் 2010க்கு முந்தையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இந்தியாவில் அப்படிச் சொல்ல முடியாது. இங்கே புது மெஷின் தயாரிப்பில் ஆர்-22 நின்றது 2025 ஜனவரியில்தான். ஆக, கேஸ் எனக்கு உதவவில்லை.

சாதாரண ஸ்ப்ளிட் ஏசி என்றால் நட்சத்திர ஸ்டிக்கர் வயசைக் காட்டிக்கொடுத்துவிடும். ரூம் ஏசிக்கு அது கட்டாயமானது 2010ல். அதில் இஇஆர் என்று இருந்தால் பழசு. 2018லிருந்து ஐஸீர்தான் கட்டாயம். ஆன் செய்ததும் தானாக 24 டிகிரியில் நின்றால் அநேகமாக 2020க்கு அப்புறம் வந்தது. என்னுடையது டக்ட் மெஷின், நட்சத்திரமே இல்லை.

அடுத்தது சீரியல் நம்பர். முதல் நாலு இலக்கம் 1207. ஆஹா என்று கீழே இறங்கப் போனேன், அப்புறம்தான் உறைத்தது. சில கம்பெனிகள் வருஷம், மாசம் என்று எழுதும். அப்படியானால் 2012 ஜூலை. சில கம்பெனிகள் வாரம், வருஷம் என்று எழுதும். அப்படியானால் 2007ன் பன்னிரண்டாவது வாரம், அதாவது மார்ச். எப்படிப் பார்த்தாலும் 2015 இல்லை!

பக்கவாட்டில் டீலர் ஸ்டிக்கர். பாதி கிழிந்திருந்தாலும் 'மேதக் மாவட்டம், ஆ.பி.' என்பது தெரிந்தது. தெலங்கானா பிறந்தது 2014 ஜூன் 2. பட்டான்செரு மேதக்கிலிருந்து சங்காரெட்டி மாவட்டத்துக்குப் போனது 2016 அக்டோபரில். மிச்சமிருந்த பழைய ஸ்டிக்கரை ஒட்டியிருக்கலாம் என்பதால், இது சாட்சிதான், தீர்ப்பு இல்லை.

தீர்ப்பு ஃபேன் மோட்டாரில் இருந்தது. துணியால் துடைத்ததும் 02/2007. 2012ல் செய்த மெஷினில் ஐந்து வருஷப் பழைய மோட்டாரை யார் வைப்பார்கள்? பிப்ரவரியில் மோட்டார், மார்ச்சில் மெஷின். கணக்கு நேராகிவிட்டது.

விற்றவர் மேல் கோபமாகத்தான் வந்தது. கடைசியாக கம்ப்ரஸர் தகட்டையும் துடைத்தேன். 2015! அந்த மனுஷர் பொய் சொல்லவில்லை. அந்த வருஷம் கம்ப்ரஸரை மாற்றியிருக்கிறார்கள், பெரிய செலவு, அதுவே மனசில் 'ஏசி போட்ட வருஷம்' என்று பதிந்துவிட்டது. பாங்கில் லெட்ஜர் பார்க்கிறவனுக்கு இது புதுசில்லை. ஜனங்கள் ஞாபகம் வைத்திருப்பது வாங்கிய தேதியை அல்ல, வலித்த தேதியை.

பதினெட்டு வருஷம் தாண்டிய உடம்புக்கு இருபத்தெட்டாயிரம் வேண்டாம் என்று முடிவு செய்தோம். அப்பா படுக்கும் அறைக்கு மட்டும் ஒரு புது ஸ்ப்ளிட்.

பழசைக் கழற்ற வந்த மெக்கானிக் ஸ்பேனரைப் பைப்பில் வைத்தார். மிச்ச கேஸைக் காற்றில் விட்டுவிட்டால் ஐந்து நிமிஷ வேலை. நிறுத்தச் சொன்னேன். இது ஓசோனை அரிப்பது மட்டுமில்லை, எடைக்கு எடை கார்பன் டை ஆக்ஸைடைவிட சுமார் 1,800 மடங்கு பூமியைச் சூடாக்கும். வெயிலுக்குப் பயந்து ஏசி போட்டுவிட்டு, போகிற போக்கில் வெயிலை ஏற்றிவிட்டுப் போவதா? அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். ஆனாலும் மறுநாள் எங்கிருந்தோ ரெக்கவரி மெஷினும் சிலிண்டரும் கொண்டுவந்தார். கூடுதல் கூலி வாங்கிக்கொண்டார், நியாயம்தான்.

நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும், பழைய வீடு வாங்குமுன் ஒரு டார்ச்சும் துணியும் எடுத்துக்கொண்டு மாடி ஏறுங்கள். ஒரு தகட்டோடு நிறுத்தாமல் மூன்றையும் துடைத்துப் பாருங்கள். கழற்றும் நாளில் கூடவே நில்லுங்கள்.