நான்கு மணி நேரத் தத்துவம்

பிரான்சில் பள்ளிப் படிப்பை முடிக்கிறவர்கள் எழுதும் பக்கலோரியா தேர்வில் தத்துவத் தாளுக்கு நான்கு மணி நேரம். 2024 ஜூனில் பொதுப் பிரிவு மாணவர்களுக்கு இரண்டு கேள்விகள் வந்தன. உண்மையைத் தேடும் நம் தாகத்தை அறிவியல் தணிக்குமா? அரசு நமக்கு ஏதேனும் கடன்பட்டிருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்குக் கட்டுரை எழுதலாம். இரண்டும் பிடிக்காதவர்கள் வினாத்தாளில் தரப்படும் ஒரு சிந்தனையாளரின் பத்தியை எடுத்து விளக்கலாம். ஒரு மார்க் கேள்வி, கோடிட்ட இடம் என்பதெல்லாம் கிடையாது. தேர்வு முடிவதற்குள் கேள்விகள் செய்தியாகிவிடும். மாலைக்குள் வானொலியில் தத்துவப் பேராசிரியர்கள் உட்கார்ந்து விடை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இதைத் தொடங்கிவைத்தவருக்குக் கேள்வி கேட்பவர்களைக் கண்டாலே ஆகாது. நாட்டின் உயர் அறிஞர் கழகத்தில் இருந்த அறவியல், அரசியல் பிரிவை 1803-ல் இழுத்து மூடியவர் நெப்போலியன். அதே நெப்போலியன்தான் 1808 மார்ச் 17 ஆணையின் மூலம் பக்கலோரியாவை நிறுவி இன்றைய வடிவத்துக்கு அடித்தளமிட்டார். அவருக்கு வேண்டியிருந்தவர்கள் படித்த அதிகாரிகள், வழக்கறிஞர்கள், மருத்துவர்கள். மறு ஆண்டு நடந்த முதல் தேர்வில் பட்டம் பெற்றவர்கள் 31 பேர். அப்போது எழுத்துத் தேர்வு இல்லை, எல்லாமே வாய்மொழிதான். பண்டைய இலக்கிய ஆசிரியர்களோடு தத்துவமும் பாடமாக இருந்தது. ஆனால் அது கேட்டதற்கு ஒப்பிக்கும் தத்துவம்.

ஒப்பிப்பதை ஒரு பாடத்திட்டமாகவே ஆக்கியவர் தத்துவவாதி விக்தர் கூசான். 1830-க்குப் பிறகு கல்விக் குழுவில் உட்கார்ந்து நாட்டின் தத்துவ ஆசிரியர்கள் அனைவரையும் தன் கைக்குள் வைத்திருந்தார். 1840-ல் சில மாதங்கள் கல்வி அமைச்சராகவும் இருந்தார். ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் போட்டித் தேர்வின் நடுவர் குழுவுக்கு அவரே தலைவர். பாடத்திட்டத்தை வகுத்தவரும் அவரே. மனம், தர்க்கம், அறம், கடவுள் என்ற வரிசையில் எல்லா ஊர்ப் பள்ளியிலும் ஒரே பாடம் நடந்தது. அரசுப் பள்ளியில் பிள்ளைகள் நாத்திகம் கற்கிறார்கள் என்று கத்தோலிக்கத் திருச்சபை ஒரு பக்கம் குற்றம் சாட்டியது. கூசானின் தத்துவத்தில் காரமே இல்லை என்று இளம் சிந்தனையாளர்கள் மறு பக்கம் முணுமுணுத்தார்கள். ஒரே பாடத்திட்டம் இருவரையும் கோபப்படுத்தியது என்றால் அதில் ஏதோ உயிர் இருந்திருக்க வேண்டும்.

தேர்வு வந்த இடத்தில் குறிப்புப் புத்தகம் வராமல் இருக்குமா? சுருக்கக் கையேடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பெருகிவிட்டன. இன்றும் பழைய கேள்விகளும் மாதிரி விடைகளும் அடங்கிய தொகுப்புகள் ஆண்டுதோறும் பாரிஸ் கடைகளை நிறைக்கின்றன. கோனார் நோட்ஸோடு வளர்ந்த தலைமுறைக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

பேரரசர் ஆட்சி திரும்பவிருந்தபோது தத்துவத்துக்கு அடி விழுந்தது. 1851 டிசம்பரில் ஆட்சியைப் பறித்த லூயி நெப்போலியனின் கல்வி அமைச்சர் இப்போலித் ஃபோர்த்தூல் 1852-ல் பள்ளிகளின் தத்துவ வகுப்பைத் தர்க்கம் மட்டுமாகச் சுருக்கினார். தத்துவ ஆசிரியருக்கான தனிப் போட்டித் தேர்வையும் நீக்கினார். பதினோரு ஆண்டு கழித்து, 1863-ல், விக்தர் துருய் என்ற அமைச்சர் வந்த பிறகுதான் பாடம் மீண்டது. அந்தப் பத்தாண்டிலேயே தத்துவக் கட்டுரை எழுத்துத் தேர்வாகவும் இடம் பிடித்தது. வாயால் ஒப்பித்த மாணவன் இப்போது உட்கார்ந்து ஒரு வாதத்தைக் கட்டியாக வேண்டும். இந்தத் தேர்வின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் வேறில்லை.

இதெல்லாம் ஆண்பிள்ளைகளின் கதை. 1861-ல் லியோனில் ஜூலி-விக்துவார் தோபியே தேர்வு எழுதித் தேறியபோது அவருக்கு வயது 37. பக்கலோரியா பெற்ற முதல் பெண் அவர். சான்றிதழில் கையெழுத்திட அமைச்சர் மறுத்தார், அரசி யூஜெனி வரை விஷயம் போக வேண்டியிருந்தது. பெண்கள் பள்ளியிலும் ஆண்களுக்குரிய அதே பாடத்தைப் படித்து அதே தேர்வுக்குத் தயாராகும் வழி 1924-ல்தான் திறந்தது. அடுத்த ஏழு ஆண்டுகளில் அந்த வகுப்பறைகளுக்குத் தத்துவம் சொல்லித்தர வந்தவர்களில் இருவர் சிமோன் த பொவுவாரும் சிமோன் வெய்லும். 1931-ல் முதலாமவர் மர்சேய்க்கும் இரண்டாமவர் லெ புய்க்கும் ஆசிரியராகப் போனார்கள். அதே ஆண்டில் தத்துவவாதி சார்த்தர் ல ஆவ்ர் துறைமுக நகரப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். பிரெஞ்சுத் தத்துவம் பல்கலைக்கழகத்தில் பிறந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அதில் பெரும் பகுதி பள்ளி ஆசிரியர்களின் சம்பளத்தில் வளர்ந்தது.

சரி, இந்தக் கட்டுரைகளை எப்படித் திருத்துவது? 1930-களில் ஆன்றி லோஜியே என்ற உடலியல் அறிஞர் உள்ளிட்டோர் இதைச் சோதித்தார்கள். உண்மையான பக்கலோரியா விடைத்தாள்களைப் பல திருத்துநர்களிடம் கொடுத்துத் தனித்தனியே மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஒருவர் தேறவைத்த மாணவனை இன்னொருவர் தோற்கடித்தார். ஒரு தாளுக்குத் தற்செயலின் கலப்பில்லாத மதிப்பெண் வேண்டுமென்றால் எத்தனை பேர் திருத்திச் சராசரி எடுக்க வேண்டும் என்று கணக்கும் போட்டார்கள். கணிதத்துக்கு 13 பேர் போதும். பிரெஞ்சுக் கட்டுரைக்கு 78 பேர். தத்துவத்துக்கு 127 பேர்!

இந்த 127-ஐக் காட்டித் தத்துவத் தேர்வே கூடாது என்று சொல்வோர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு பிள்ளையின் எதிர்காலம் எந்த ஆசிரியரின் மேசைக்கு அந்தத் தாள் போகிறது என்பதைப் பொறுத்திருப்பது கொடுமைதான். ஆனால் கணிதத்துக்கே 13 பேர் தேவைப்பட்டார்கள் என்பதை அவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். தேர்வு என்பதே ஓரளவு அதிர்ஷ்டம். தத்துவத் தாள் அதை மறைக்காமல் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். தேர்வில் தோற்றவர்களின் பட்டியலும் இதற்குச் சாட்சி. நாவலாசிரியர் எமில் சோலா 1859-ல் இரண்டு முறை பக்கலோரியாவில் தோற்றார். தத்துவவாதி ழாக் தெரிதா 1947-ல் முதல் முயற்சியில் தோற்றார்.

அந்தத் தெரிதாதான் பின்னாளில் பள்ளித் தத்துவத்துக்காகத் தெருவுக்கு வந்தார். 1975-ல் கல்வி அமைச்சர் ரெனே அபியின் சீர்திருத்தம் இறுதியாண்டுத் தத்துவத்தின் இடத்தைக் குறுக்கப் பார்த்தது. தெரிதாவும் நண்பர்களும் ஒரு குழு அமைத்து எதிர்த்தார்கள். 1979 ஜூனில் சோர்போன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் பெருந்திரளாகக் கூடினார்கள். தத்துவத்தைக் குறைக்காதீர்கள் என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. கடைசி ஆண்டில் மட்டும் ஏன், சின்ன வகுப்பிலேயே தொடங்கினால் என்ன என்று கேட்டார்கள். பாடம் தப்பியது. சின்ன வகுப்புக் கோரிக்கை ஏட்டோடு நின்றது.

மதிப்பெண் என்ற கயிற்றை அவிழ்த்துவிட்டால் தத்துவம் என்ன ஆகும்? கொரோனா காலம் இதையும் காட்டியது. 2021-ல் ஆண்டு முழுவதும் வாங்கிய சராசரி, தேர்வு மதிப்பெண் இரண்டில் எது அதிகமோ அதுவே கணக்கு என்று அரசு அறிவித்தது. நல்ல சராசரி கையில் இருந்த மாணவர்கள் பலர் குறைந்தபட்ச நேரம் முடிந்ததும் எழுந்து போனார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பதினெட்டு வயது வரை மதிப்பெண்ணுக்காகவே படிக்கச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு நாள் உண்மைக்காக உட்காரச் சொன்னால் யார் உட்காருவார்கள்?

இந்தத் தேர்வு நமக்கும் அந்நியமல்ல. புதுச்சேரியில் 1826-ல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளி, ஊர்க்காரர்கள் லிசே என்று சொல்வது, பிரெஞ்சு ஆட்சி முடிந்த பிறகும் அதே பாடத்திட்டத்தில் நடக்கிறது. அங்கே படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளும் தேகார்த், காண்ட் படித்து அதே தத்துவக் கட்டுரையை எழுதுகிறார்கள். மறுபுறம், பக்கத்துத் தெருவில் பன்னிரண்டாம் வகுப்பு எழுதும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வினாத்தாளில் அரசைப் பற்றி இப்படியொரு கேள்வியைச் சந்திப்பதில்லை.

பிரான்சிலும் எல்லோரும் சந்திப்பதில்லை என்பதுதான் இந்தக் கதையின் பெரிய குறை. 1985-ல் தொழிற்கல்விக்கென்று ஒரு தனிப் பக்கலோரியா உருவானது. இன்று அதை எழுதுவோர் மொத்தத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல். அவர்களுக்குக் கட்டாயத் தத்துவத் தாள் கிடையாது. 2024-ல் பொதுப் பிரிவினருக்கு விளக்கக் கொடுத்த பத்தி சிமோன் வெய்லுடையது. ஆசிரியர் வேலையிலிருந்து விடுப்பு எடுத்து 1934, 35-ல் ரெனோ உள்ளிட்ட ஆலைகளில் கூலியாக நின்றவர் அவர். அந்தப் பத்தி வந்தது தொழிலாளர் நிலை பற்றிய அவருடைய நூலிலிருந்து. தொழிற்சாலைக்குப் போகப்போகிற பிள்ளைகளுக்கு மட்டும் அந்த வினாத்தாள் போய்ச் சேரவில்லை.