கிங்ஸ் சர்க்கிள்: ரசீது புத்தகத்திலிருந்து க்யூஆர் கோடு வரை

மாட்டுங்கா, கிங்ஸ் சர்க்கிள் என்றதும் பலருக்கு வாழை இலையும் ஃபில்டர் காபியும்தான் ஞாபகம் வரும். எனக்கு ரசீது புத்தகம் ஞாபகம் வரும். ஏன் என்று சொல்கிறேன்.

1896-ல் பம்பாயைப் பிளேக் தாக்கியது. அதன் விளைவாக 1898-ல் வந்த இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட், நெரிசலான நகரத்துக்கு வடக்கே தாதர், மாட்டுங்கா பக்கம் மனை போட்டது. கிங்ஸ் சர்க்கிள் (இன்றைய மகேஸ்வரி உத்யான்) உள்ள பேட்டை அப்படி உருவானதுதான். டைப்பும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு ரயிலேறி வந்த நம் ஆட்கள் இங்கே குடியேறினார்கள். பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். கையில் பெரிய காசு கிடையாது. ஆனால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமே? 1932-ல் எம்.வி. வெங்கடேஸ்வரன் முன்னின்று சௌத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டியைத் தொடங்கினார். இன்று சயான், நெருல் வரை அதன் கல்லூரிகள் இருக்கின்றன.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட அமைப்புகளுக்குக் காசு எப்படி வந்தது? ஞாயிற்றுக்கிழமை காலையில் கமிட்டி ஆள் ஒருவர் ரசீது புத்தகத்தோடு வீட்டுக்கு வருவார். காபி குடிப்பார், ஐந்தோ பத்தோ வாங்கிக்கொண்டு ரசீது கிழித்துக் கொடுப்பார். மறுநாள் லோக்கல் ரயிலில் அவரே எதிரில் நிற்பார். "பள்ளிக்கூட வேலை எந்த மட்டில் இருக்கு சார்?" என்று கேட்டுவிடலாம். ஆடிட் ரிப்போர்ட்டை விட இந்தக் கேள்விக்குப் பயம் அதிகம் :)

அடுத்து வந்தது கச்சேரி. 1952-ல் சண்முகானந்த சபை ஆரம்பமானது. 1963-ல் கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷன் பக்கத்தில் சுமார் 3,000 பேர் உட்காரும் அரங்கம் வந்தது. 1990-ல் தீ விபத்தில் அது எரிந்துபோக, மறுபடியும் கட்டி எழுப்பினார்கள். நிதிக்காக நடக்கும் கச்சேரி என்றால் வித்வான் சன்மானம் வாங்காமல் பாடுவார். டிக்கெட்டில் கொஞ்சம் வரும். நிஜமான வரவு சூவனீர் மலரின் விளம்பரத்தில். நாலு கம்பெனியில் யாருக்கு யாரைத் தெரியும் என்பதுதான் மூலதனம்.

புது டெக்னாலஜி வந்தபோது தர்மமும் சும்மா இருக்கவில்லை. 1963-ல் எம்.எஸ். பாடிய வெங்கடேச சுப்ரபாதம் எல்பி ரெக்கார்டாக வந்தது. அதன் ராயல்டி திருப்பதி வேத பாடசாலைக்குப் போனது. கச்சேரிக்கு வராதவர் வாங்கிய ரெக்கார்டிலிருந்தும் நன்கொடை! 1974-ல் எம்.எஸ்ஸுக்கு மகசேசே விருது கிடைத்தது பொதுச்சேவைப் பிரிவில் என்பதை மறக்க வேண்டாம்.

இப்போது போன். 2016-ல் யூபிஐ வந்தது, அதே நவம்பரில் பணமதிப்பிழப்பு. 2017 ஏப்ரல் முதல் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி வரிச்சலுகை இல்லை என்று ஆனது. 2021-22 நிதியாண்டிலிருந்து நன்கொடை கொடுத்தவர் விவரத்தை அறக்கட்டளைகள் வருமான வரித்துறைக்கே அனுப்ப வேண்டும் என்றும் விதி வந்தது. கிங்ஸ் சர்க்கிள் ஜிஎஸ்பி கணபதி மண்டலி (கொங்கணிக்காரர்களுடையது, 1950-களிலிருந்து நடக்கிறது) சேவைகளுக்கு இணையத்திலேயே பதிவு வாங்குகிறது. பெரிய மண்டலிகளால் முடிகிறது. சின்ன டிரஸ்டுகள் க்யூஆர் கோடை வாட்ஸப்பில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கின்றன.

வெளிநாட்டில் இருக்கும் நமக்கு இங்கேதான் சிக்கல். நீங்கள் இந்தியக் குடிமகனாகவே இருந்து சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், ஓசிஐ கார்டு இருந்தாலும் சட்டப்படி நீங்கள் வெளிநாட்டார். எஃப்சிஆர்ஏ அனுமதி உள்ள அமைப்புதான் உங்கள் பணத்தை வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அதுவும் டெல்லி ஸ்டேட் பேங்க் பிரதானக் கிளையில் உள்ள கணக்கில்தான் வந்து சேர வேண்டும். ஒரு பெரிய அமைப்பு வாங்கிச் சின்ன அமைப்புக்குக் கொடுக்கும் வழியையும் அதே திருத்தம் அடைத்துவிட்டது. என்ஆர்ஓ கணக்கிலிருந்து ஸ்கேன் பண்ணி அனுப்பினாலும் நீங்கள் வெளிநாட்டார்தான். உங்கள் நல்லெண்ணம் அந்த டிரஸ்டை வம்பில் மாட்டிவிடலாம். அனுப்பும் முன்னால் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அறக்கட்டளைக்காரர்களுக்கும் ஒன்று. க்யூஆர் கோடு உண்டியலுக்குத்தான் மாற்று. ரசீது புத்தகத்தோடு வந்த அந்த மனிதருக்கு மாற்று அல்ல. கேட்கும்போது மட்டும் மெசேஜ் அனுப்பாதீர்கள். வாங்கிய காசில் எத்தனை பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டினீர்கள், மிச்சம் எவ்வளவு என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாலு வரி எழுதுங்கள். தயங்காமல் பாக்கியையும் சொல்லுங்கள். அந்த நாலு வரிக்கு ஆப்பும் வேண்டாம், ஏஜென்சியும் வேண்டாம். கணக்கு எழுதத் தெரிந்த, பொறுப்பான ஒரு ஆள் போதும். மாட்டுங்காவில் அதற்கு என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை.