தரையில்லாத கோட்டை

1992 மே மாதம் வெளிவந்த 'வுல்ஃபென்ஸ்டைன் 3டி' கணினி விளையாட்டில் கோட்டைச் சுவர்களில் கல் தெரியும். தரையும் கூரையும் வெறும் ஒற்றை நிறம். கணக்காசிரியனாக இருந்த எனக்கு அதன் காரணம் மிகவும் பிடித்தது.

சுவரை வரைய, திரையின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு கதிர், ஒரு தூரம் போதும். தரையிலோ அதே நெடுவரிசையில் புள்ளிக்குப் புள்ளி தூரம் மாறும். அன்றைய 286 கணினி திணறிவிடும். வேகத்துக்காக ஜான் கார்மாக் தரையை விட்டுக்கொடுத்தார்.

1993 டிசம்பரில் வந்த 'டூம்' தரையைக் கிடைவரிசையாக வரைந்தது. ஒரே உயரத் தரையில், ஒரு கிடைவரிசை முழுக்க நேர்த்தூரம் ஒன்றே! வரிசைக்கு ஒருமுறை கணக்கிட்டால் போதும்.

இன்று இதை எழுதிப் பார்க்கும் பிள்ளைகளே, தரை வளைந்து தெரிந்தால் நேர்த்தூரத்துக்குப் பதில் சாய்தூரம் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். 'வடிவொத்த முக்கோணம் எதுக்கு சார்?' என்ற கேள்விக்கும் இதுவே பதில்.