உடற்பயிற்சித் தொழிலும் அதன் வரலாறும்

உடம்பைப் பேணுதல் சமயத்துக்குப் புறம்பானதென்று நம் முன்னோர் எண்ணினாரல்லர். திருமூலநாயனார் அருளிய திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்திலே ‘காயசித்தி உபாயம்’ என ஒரு பகுதி அமைந்திருத்தலை நாம் அறிவோம். ஆயினும், பிறருக்கு உடற்பயிற்சி கற்பித்து, அதற்கு ஊதியம் பெற்று வாழுந் தொழிலை இன்றும் நம்மிற் சிலர் குறைவாகவே மதிக்கின்றனர். கட்டணம் பெறும் உடற்பயிற்சி நிலையங்களில் நம் இளைஞர் பயிற்றுநராய்ப் பணிபுரியும் இக்காலத்தில், அத்தொழில் எவ்வாறு வளர்ந்தது, அதன் உயிர் யாது என ஆராய்தல் பொருந்தும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே பாரிஸ் நகரில் இப்பொலித் திரியா என்பவர் கட்டணம் பெறும் பெரியதோர் உடற்பயிற்சிக் கூடத்தை நடத்தினார். எனினும் இத்தொழிலுக்கு உலகப் புகழ் தேடிக் கொடுத்தவர் யூஜீன் சாண்டோ ஆவர். 1867இல் பிரஷ்யாவிலே பிறந்த இவர், மேடைகளிற் பலங்காட்டிப் பொருளீட்டியவர். 1897இல் இலண்டனில் உடற்பயிற்சி நிலையமொன்றைத் தொடங்கினார். அங்கு சேர்ந்தவருடைய உடலளவுகள் குறிக்கப்பெற்றன. அவரவர் நிலைக்கேற்ற பயிற்சி வகுக்கப்பெற்றது. பொருள் கொடுத்தோர் பெற்றது இரும்புக் குண்டுகளையன்று. தம்மைத் தனித்தனியே நோக்கும் ஓர் ஆசிரியரின் கவனத்தையே பெற்றனர்.

1901இல் இலண்டன் றோயல் அல்பேட் மண்டபத்தில் சாண்டோ நடத்திய போட்டியிலும் இந்நோக்கம் புலனாகின்றது. எழுத்தாளர் ஆதர் கொனன் டொயிலும் நடுவராயிருந்த அப்போட்டியில், தசையின் பருமன் மாத்திரம் கணிக்கப்படவில்லை. உறுப்புக்களின் ஒத்த வளர்ச்சியும் பொதுவான ஆரோக்கியமுங் கணிக்கப்பட்டன. 1911இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் இவரைத் தமது உடற்பயிற்சிப் பேராசிரியராக நியமித்தார்.

1904, 1905ஆம் ஆண்டுகளிற் சாண்டோ இந்தியாவிலும் சுற்றுப்பயணஞ் செய்தார். அவர் பெயர் தமிழரிடையே பலசாலிக்குரிய பட்டமாகவே நிலைத்தது. திரைப்படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரின் பெயரே இதற்குச் சான்றாகும். ஆனால் பெங்களூரிலே கே. வீ. ஐயர் செய்தது வெறும் பின்பற்றலன்று. மேல்நாட்டுப் பாரந்தூக்கற் பயிற்சியுடன் சூரிய நமஸ்காரத்தையும் யோகாசனங்களையும் இணைத்துக் கற்பித்தார். 1930இல் நூலொன்றை வெளியிட்டார். தூரத்திலுள்ளாருக்குத் தபால் மூலமும் பாடம் நடத்தினார். மைசூர் மகாராஜா அவரை ஆதரித்தார். கட்டணம் பெற்றமையால் அவருடைய ஆசிரியத்துவங் குறைந்துவிடவில்லை.

அமெரிக்காவிலே 1936இல் ஜாக் லாலேன் ஓக்லண்ட் நகரில் ஒரு நிலையந் திறந்தார். 1965இல் ஜோ கோல்ட் கலிபோர்னியாவில் நிறுவிய கூடத்தின் பெயர் பின்னர் பல நாடுகளிற் பரவியது. 1954இல் தோன்றிய அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி, 1975இல் பயிற்றுநருக்கு நற்சான்று வழங்கத் தொடங்கியது. இவ்வாறு தனியொருவர் திறமையாயிருந்தது, பயின்று தேர வேண்டிய தொழிலாயிற்று.

இவ்வளர்ச்சியோடு ஒரு கேடும் வந்தது. மாதக் கட்டணம் செலுத்துவோர் பலராயும் நாடோறும் வருவோர் சிலராயும் இருப்பின், நிலையத்துக்கு ஆதாயம் மிகும். வராதவனாலே இலாபம் வரும் இடத்தில், வந்தவனை யார் நோக்குவர்? புதியவரைச் சேர்க்குந் தொகைக்கேற்பப் பயிற்றுநரின் வருவாய் அமையுமாயின், அவர் ஆசிரியர் நிலையினின்றிறங்கி விற்பனையாளராகின்றார். முழங்கால் நோவுடைய முதியவருக்கும் இருபது வயதுக் காளைக்கும் ஒரே பயிற்சியை விதிப்பது அதன் விளைவேயாம்.

ஆகவே, கூலி பெறுதல் இழிவன்று. கூலியைப் பெற்றுக்கொண்டு கவனத்தைக் கொடாமையே இழிவு. இத்தொழிலிற் புகும் இளைஞர் உடற்கூற்றை முறையாகக் கற்பாராக. தம்மிடம் வருபவரின் வயது, நோய், தொழில் என்பவற்றைக் கேட்டறிந்த பின்னரே பயிற்சி விதிப்பாராக. பெரியோரும் இதனைப் பிழைப்பற்றோர் பிழைப்பென்று எள்ளாது, வைத்தியத்துக்கும் ஆசிரியத்துக்கும் அயலதாகிய ஒரு பணியென மதிப்பாராக. பிறர் நலத்தைத் தன் பொறுப்பில் ஏற்பவனுக்கு அம்மதிப்பு உரியதன்றோ?