கையால் நிரப்பிய தோட்டா

உலோகத் தோட்டா தோன்றுவதற்கு முன்பு, துப்பாக்கி ஏந்திய ஒவ்வொரு வேட்டைக்காரனும் தன் வெடியைத் தானே தயாரித்துக்கொண்டவனே. குழலின் வாய்வழியே மருந்தை அளந்து கொட்டி, துணித் துண்டில் பொதிந்த ஈயக் குண்டைக் கம்பியால் இடித்து இறக்கி, எவ்வளவு மருந்துக்கு எவ்வளவு குண்டு என்னும் கணக்கைத் தன் கைப்பழக்கத்திலேயே வைத்திருந்தவன் அவன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருந்தும் குண்டும், மருந்தைப் பற்றவைக்கும் கேப்பும் ஒரே பித்தளைக் கூட்டில் அடங்கிப் பெட்டி பெட்டியாக ஆலைகளிலிருந்து வரத் தொடங்கியபோது, அந்த ஞானம் முழுவதும் ஆலைக்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் அப்படி நேரவில்லை. சுட்டுத் தீர்ந்த கூட்டைப் பொறுக்கி எடுத்து, புதிய கேப்பும் மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் பிரயோகிக்கும் வழக்கம் அங்கே தோட்டாவுடன் கூடவே வளர்ந்தது. அதன் சரித்திரத்தைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு, வேட்டைக்காரன் தன் தோட்டாவிடம் கேட்டது தலைமுறைக்குத் தலைமுறை மாறி, கடைசியில் மிருகத்தின் மீது அவனுக்கிருந்த கடமையாகவே முதிர்ந்தது என்பது புலனாகும்.

முதலில் கேட்டது சிக்கனம். 1871-ஐ ஒட்டி, பைசன் என்னும் அமெரிக்கக் காட்டெருமையின் தோலை ஆலைத் தொழிலுக்குப் பயன்படும் வகையில் பதனிடும் முறை கைவந்ததும், அடுத்த ஆண்டே கான்ஸாஸ் மாகாணத்து டாட்ஜ் நகருக்கு ரயில் பாதை எட்டியதும் சேர்ந்து, தோலுக்காகவே வேட்டையாடும் ஒரு பெருங்கூட்டத்தைப் புல்வெளிகளில் இறக்கிவிட்டன. மாதக்கணக்கில் கடைவீதியின் நிழலே படாத பிரதேசத்தில் திரிந்த அவர்களுடைய வண்டிகளில் ஈயப் பாளங்களும் கருமருந்துப் பீப்பாய்களும் கேப் பெட்டிகளும் இருந்தன. இரவில் தீ மூட்டி ஈயத்தை உருக்கி, சிறிது வெள்ளீயம் கலந்து அச்சில் வார்த்து, ஆறிய குண்டின் மேல் மெல்லிய காகிதத்தைச் சுற்றி, பகலில் சுட்ட கூடுகளைக் கழுவித் துடைத்து நிரப்பினார்கள். தோட்டாவின் அங்கங்களுள் விலை மிகுந்தது பித்தளைக் கூடே. அதுவே திரும்பத் திரும்பப் பயன்படுவது. அவர்கள் விரும்பிக் கையாண்ட ஷார்ப்ஸ் துப்பாக்கியின் குண்டு 500 கிரெயின் வரையிலும், சில சமயம் அதற்கு மேலும் எடை கொண்டது. 7,000 கிரெயின் கொண்டது ஒரு பவுண்டு. ஒரு கிரெயின் ஏறத்தாழ அரைக் குன்றிமணி. ஆகவே அந்த ஒற்றைக் குண்டின் கனத்தை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

சிக்கனத்துக்கு அடுத்தபடி அவர்கள் வேண்டியது, ஒரு வெடி மற்றொரு வெடியைப் போலவே இருக்கவேண்டும் என்பது. மந்தையை நடத்திச் செல்லும் பசுவை முதலில் வீழ்த்திவிட்டால், மற்றவை போக்கறியாமல் அங்கேயே சுற்றி நிற்கும். அரைகுறையாக அடிபட்ட ஒன்று ஓடத் தொடங்கினாலோ மந்தை முழுவதும் அதன் பின்னே போய்விடும். ஆகையால், இரவுத் தீயின் முன் மருந்தை ஒரே அளவாக அளந்த கை, மறுநாள் வருமானத்தையும் அளந்துகொண்டிருந்தது. அந்தச் சிரத்தை எத்தகைய காரியத்துக்குப் பயன்பட்டது என்பதை எண்ணும்போது மனம் வேதனைப்படாமல் இருக்க முடியாது. 1889-ல் ஹார்னடே என்னும் விலங்கியல் அறிஞர் கணக்கெடுத்தபோது, கோடிக்கணக்கில் இருந்த அந்த இனத்தில் ஆயிரத்துக்குச் சற்று அதிகமான உயிர்களே மிஞ்சியிருந்தன.

1884-ல் கனெக்டிகட் மாகாணத்து நியூ ஹேவன் நகரில் ஜான் பார்லோ என்பவர் ஐடியல் என்ற பெயரில் ஒரு தொழிற்சாலை தொடங்கி, கூட்டை மீண்டும் நிரப்பும் வேலைக்கென்றே கைக்கருவிகளைச் செய்து விற்கலானார். பாக்குவெட்டியைப் போல இரு கைப்பிடிகளை அழுத்த, பழைய கேப்பை வெளியேற்றவும் புதியதைப் பதிக்கவும் கூட்டின் கழுத்தைச் சீராக்கிக் குண்டை அமர்த்தவும் உதவிய அந்தச் சாதனம் சட்டைப்பையிலேயே அடங்கும். அத்துடன் அவர் வெளியிட்ட கையேடு, தனித்தனிப் பண்ணைகளில் வாழ்ந்த எத்தனையோ பேருக்கு ஆசானாக விளங்கிற்று. 1925-ல் அந்தத் தொழில் லைமன் கம்பெனியின் வசமாயிற்று.

இதற்கிடையில் மருந்தே மாறிவிட்டது. பிரான்ஸ் தேசத்து ரசாயன நிபுணர் போல் வியெய் 1884-ல் கண்டுபிடித்த புகையற்ற மருந்து, பத்தாண்டுகளுக்குள் அமெரிக்க வேட்டைக்காரனின் கைக்கும் வந்து சேர்ந்தது. கருமருந்தைக் கூடு நிறையக் கொட்டலாம். சிறிது கூடக்குறைய இருந்தாலும் பெரிய விபரீதம் நேராது. புதிய மருந்தோ பலமடங்கு வலிமையுடையது; சில கிரெயின் மிகுந்தாலும் துப்பாக்கியையே பிளந்துவிடக் கூடியது. அதனால் அளவுப்படி போய்த் தராசு வந்தது. கேப்பில் இருந்த பாதரசமோ, கருமருந்தின் மிகுந்த கசடில் கலந்து பெரும்பாலும் தணிந்துபோனது போய், இப்பொழுது நேரே பித்தளையைத் தாக்கி அதை நொறுங்கத்தக்கதாக்கிற்று. பாதரசத்தை விலக்கிய கேப்புகள் குழலில் உப்பைப் படியவிட்டுத் துருவேற்றின. 1920-களின் இறுதியில் துருவேற்றாத கேப் கிடைத்த பிறகே இந்தத் தொல்லை நீங்கலாயிற்று.

இந்தக் காலத்தில்தான், பந்தயத்தில் இலக்கைச் சுடுகிறவனுடைய தேவை வேறு, வேட்டைக்காரனுடைய தேவை வேறு என்பது தெளிவாகப் பிரிந்தது. முன்னவனுக்குப் பத்துக் குண்டும் ஒரே துளையில் போக வேண்டும். மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய இடமோ ஏறக்குறைய ஒரு சாண் அகலம். 200 கஜத்தில் ஓரிரண்டு அங்குலம் விலகினாலும் காரியம் கெடாது. வேட்டைக்காரனுக்கு அதைவிட முக்கியமானது, பனியிலும் புழுதியிலும் விரல்கள் விறைத்திருக்கும்போதும் இரண்டாவது தோட்டா சிக்காமல் அறைக்குள் போவது. ஆகையால், இலக்குச் சுடுகிறவன் கூட்டின் கழுத்தை மட்டும் இறுக்கித் திருப்தியடைந்த இடத்தில், இவன் கூட்டை முழுதுமாக அதன் ஆதி அளவுக்குக் கொண்டுவந்தான். தோட்டாக்களை வரிசையாக அடுக்கும் குழாய் கொண்ட துப்பாக்கியில் ஒரு தோட்டாவின் மூக்கு முன்னதன் கேப்பைத் தொட்டு நிற்பதால், கூர்மையான குண்டை விலக்கித் தட்டையான மூக்குடையதையே தெரிந்தெடுத்தான். அதிர்ச்சியில் குண்டு உள்ளே அமுங்காதபடி கூட்டின் விளிம்பை அதன்மேல் மடக்கினான். கோடையில் நிரப்பிய மருந்து உறைபனியில் வேகம் குறைவதையும் கணக்கில் வைத்தான். என் அபிப்பிராயத்தில், இந்தக் கலையின் உயர்ந்த பகுதி இந்தச் சிறு ஜாக்கிரதைகளிலேயே அடங்கியிருக்கிறது. வேகத்தைப் பற்றிய வாதங்களில் அல்ல.

வாதங்களுக்கும் குறைவில்லை. ஐடஹோ மாகாணத்து எல்மர் கீத், கனத்த குண்டே எலும்பை முறித்து உள்ளே செல்லும் என்று வாழ்நாள் முழுவதும் வற்புறுத்தினார். அரிசோனாவில் பிறந்து பிற்பாடு அதே ஐடஹோவில் குடியேறிய ஜாக் ஓ’கானர், 1925-ல் வெளிவந்த .270 வின்செஸ்டர் தோட்டாவையும் அதன் 130 கிரெயின் குண்டையும் போற்றி, இலேசான குண்டும் மிகுந்த வேகமும் திறமையான கையில் போதும் என்று எழுதினார். இருவருமே தம் தோட்டாக்களைத் தாமே நிரப்பியவர்கள். இருவரும் அனுபவத்தையே ஆதாரமாகக் காட்டியவர்கள். அவர்களுடைய விவகாரம் தீராமல் நீடித்ததற்குக் காரணம், இருவர் கேட்டதையும் ஒருங்கே தரும் குண்டு அப்போது அவர்களுக்கு எளிதில் கிடைக்காததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாம் உலக யுத்தம் குண்டையும் மருந்தையும் அரிதாக்கிற்று. 1943-ல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் பிரெட் ஹண்டிங்டன் என்பவர், சுட்டெறிந்த சிறு .22 தோட்டாக் கூடுகளையே மேலுறையாக்கிக் குண்டு செய்யும் அச்சைத் தயாரித்தார். தோட்டா நிரப்பும் கருவிகளைச் செய்யும் ஆர்.சி.பி.எஸ். என்னும் பெருந்தொழிலின் தொடக்கம் அதுவே. யுத்தம் முடிந்ததும் கான்ஸாஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன், சர்க்காரிடம் தேங்கிய ராணுவ மருந்தை மலிவாக வாங்கி வேட்டைக்காரர்களுக்கு விற்றார்.

அந்த யுத்தம் முடிந்த மறு ஆண்டு, 1946-ல், ஆரிகன் மாகாணத்து ஆஷ்லண்டைச் சேர்ந்த லாரித் தொழில்காரர் ஜான் நோஸ்லர், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் என்னும் பெரிய மானை வேட்டையாடச் சென்றார். அவருடைய .300 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மாக்னம் துப்பாக்கியின் குண்டுகள், சேறு பூசிக் காய்ந்திருந்த அந்தப் பெரும் விலங்கின் மேற்புறத்திலேயே சிதைந்து, உயிர்நிலையை எட்டவில்லை. குறி தப்பவில்லை, வேகமும் குறையவில்லை, அந்த வேகமே குண்டை உடைத்துவிட்டது. காயத்தோடு நிற்கும் ஒரு ஜீவனை எதிரே பார்த்துக்கொண்டு, தன் கருவி தன்னைக் கைவிட்டதை அறிந்த வேட்டைக்காரனுடைய கலக்கம் சாமானியமானதன்று. திரும்பி வந்த நோஸ்லர், தாமிரக் கம்பியை இரு முனைகளிலிருந்தும் குடைந்து, நடுவே ஒரு சுவரை விட்டுவைத்து, இரு குழிவுகளிலும் ஈயத்தை நிரப்பினார். முன்பாகம் பட்டவுடன் மலர்ந்து விரியும்; பின்பாகம் சுவரின் காவலால் கட்டுக்குலையாமல் ஆழச் செல்லும். 1947-ல் அவரும் ஒரு நண்பரும் அந்தக் குண்டுகளுடன் சென்று, ஆளுக்கு ஒரே வெடியில் ஒவ்வொரு மூஸை வீழ்த்தினர். மறு ஆண்டு அவர் கம்பெனி தொடங்கினார்.

கீத்தும் ஓ’கானரும் தனித்தனியே கேட்ட இரண்டு குணங்களையும் ஒரே உறைக்குள் சேர்த்த அந்தக் குண்டை வாங்கியவர்கள், தம் மேஜையில் தராசும் அழுத்துபொறியும் வைத்திருந்த கைத்தொழில்காரர்களே. தொடக்கத்தில் அவர்களை நம்பியே நோஸ்லரின் வியாபாரம் நடந்தது. 1977-ல் பெடரல் கம்பெனி தன் பிரீமியம் வரிசைத் தோட்டாக்களில் நோஸ்லர் குண்டை வைத்து விற்கத் தொடங்கியபோது, சமையலறை மேஜைகளில் ஒரு தலைமுறைக் காலம் சோதித்து நிச்சயிக்கப்பட்ட ஒன்றையே அது கடைக்குக் கொண்டுவந்தது.