கொல்லிமலையும் 'அப்பா' என்னும் சொல்லும்

கொல்லிமலை என்றவுடன் தமிழ் கற்றோர் நெஞ்சில் முதலில் தோன்றுவோர் வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும் ஆவர். அறப்பளீசுவரர் கோயிலையும் அம்பலவாணக் கவிராயர் பாடிய சதகத்தையும் அடுத்து நினைப்போம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இம்மலையில் நிகழ்ந்த வரலாறு ஒன்று நம் இலக்கிய மேடைகளில் அதிகம் பேசப்படுவதில்லை. இறைவனைத் தந்தை என அழைக்கும் கிறித்தவ வேண்டுதலை அவ்வரலாற்றின் வழியே ஈண்டு நோக்கலாம்.

இறைவனை அம்மையப்பனாகக் கண்டு உருகுவது தமிழர்க்குப் புதிதன்று. சைவத் திருமுறைகளே சான்று. இயேசு தம் சீடர்க்குக் கற்பித்த மன்றாட்டும் தந்தையை விளித்தே தொடங்குகிறது. மாற்கு எழுதிய நற்செய்தியில், கெத்செமனித் தோட்டத்து வேண்டுதலில், 'அப்பா' என்னும் அரமேயச் சொல் கிரேக்க நூலுள்ளும் மொழிபெயர்க்கப்படாமல் நிற்கிறது. தமிழர் செவிக்கு அதனை விளக்க வேண்டியதில்லை. (இவ்வொலியொப்புமை ஒன்றைக் கொண்டே மொழியுறவு பேசப் புகுவோர் உண்டு. மழலை வாய்க்கு எளிய ஒலிகள் பல மொழிகளில் பெற்றோரைக் குறிக்கின்றன என்ற அளவில் நாம் அமைவோம்.) பழைய மொழிபெயர்ப்புகளில் 'பிதா' என்றிருந்தது 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் 'தந்தை' ஆயிற்று. ஆயினும் சொல்லைக் கற்பிப்பது எளிது. அச்சொல்லுக்குரிய அன்பைக் காட்டுவதே அரிது.

ஜெசி பிராண்டு 1907இல் இந்தியா வந்தவர். 1913இல் ஈவ்லின் அம்மையாரை மணந்தபின் இருவரும் கொல்லிமலை வாழவந்தியில் குடியேறினர். ஊர்திச் சாலை இல்லாத காலம் அது. ஜெசி தச்சுவேலை செய்தார், வீடு கட்டினார், பல் பிடுங்கினார், நரம்புச் சிலந்தி நோயால் வருந்தியோர்க்கு மருத்துவம் பார்த்தார். ஆண்டுகள் சில கடந்தும் அவர்தம் சமயத்தை ஏற்றார் இலர். அவரை எதிர்த்தவர்களுள் மலைத்தெய்வத்தின் பூசாரி ஒருவர் முதன்மையானவர்.

1918ஆம் ஆண்டை ஒட்டி உலகையே சூறையாடிய விஷக்காய்ச்சல் இம்மலையையும் விட்டுவைக்கவில்லை. பிராண்டு இணையர் கஞ்சி காய்ச்சி வீடுவீடாகச் சென்று நோயாளர்க்கு ஊட்டினர். அப்பூசாரியும் நோயில் வீழ்ந்தார். தாம் பிழையார் என்றுணர்ந்த நிலையில் தம் கைக்குழந்தையான மகளை வளர்க்குமாறு அவ்விணையரிடமே ஒப்படைத்தார். இதனை ஒரு சமயத்தின் வெற்றியாக எழுதுவோர் உளர். எனக்கோ, சாகக் கிடக்கும் தந்தை ஒருவர் தம் குழந்தைக்கு மற்றொரு தந்தையைத் தேடிய நிகழ்ச்சியாகவே இது படுகிறது. அதன் பின்னரே மலைமக்கள் சிலர் அவர்கள் சொல்வதற்குச் செவிகொடுக்கத் தொடங்கினர்.

இவ்வரலாற்றில் என்னை உறுத்தும் பகுதியும் ஒன்றுண்டு. பிறர் பெற்ற பிள்ளையை மார்போடு அணைத்த அவ்விணையர், தாம் பெற்ற மகன் பாலையும் மகள் கோனியையும் 1923இல் கல்விக்காக இங்கிலாந்தில் உறவினரிடம் விட்டுத் திரும்பினர். பாலுக்கு அப்போது ஒன்பது வயது. அக்கால வழக்கம் அதுவே எனலாம். தாயாகிய என்னால் அவ்விடையோடு அமைய முடியவில்லை. பால் தம் தந்தையை மீண்டும் காணவே இல்லை. கடிதங்கள் மட்டும் வந்தன. மலையின் மரங்களையும் உயிர்களையும் பற்றி, அவற்றைப் படைத்தவனைப் பற்றி.

1929 சூன் மாதத்தில் மலேரியாவின் கொடிய வடிவமான, சிறுநீர் கறுத்துப்போகும் காய்ச்சலால் ஜெசி இறந்தார். தந்திச் செய்தி விரைந்து சென்றது. கப்பலில் சென்ற கடிதமோ மெல்லச் சென்றது. தந்தை இறந்தார் என்று அறிந்த பின்னும் அவர் எழுதிய கடிதம் பதினான்கு வயது மகனின் கைக்கு வந்து சேர்ந்தது. காணாத தந்தையோடு பேசுவது எங்ஙனம் என்பதை அச்சிறுவன் எந்த மறையுரையிலும் கற்றிருக்க வேண்டியதில்லை.

அவரே பின்னாளில் மருத்துவர் பால் பிராண்டு ஆகி, 1946 முதல் வேலூரில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தினார், 2003இல் மறைந்தார். ஈவ்லின் அம்மையார் பணியினின்று ஓய்வு பெற்றபின், எழுபதை நெருங்கும் வயதில், எவர் தடையையும் பொருட்படுத்தாது மீண்டும் மலையேறினார். மட்டக்குதிரை மேல் அமர்ந்து ஊர் ஊராகச் சென்ற அவரைப் பற்றிய வாழ்க்கை வரலாற்று நூலின் பெயரே 'பிராண்டு பாட்டி' எனப் பொருள்படும். 1974 திசம்பரில், 95ஆம் வயதில் அவர் காலமானார். வாழவந்தியில் கணவரின் கல்லறைக்கு அருகிலேயே அவரையும் அடக்கம் செய்தனர்.