கொள்ளைக் காய்ச்சலும் குச்சவெளிக் கரையும்

ஈழத்தின் சுகாதார வரலாற்றை எழுதப் புகுந்தோர் மலேரியாவையும் அம்மையையும் விரித்துரைத்த அளவுக்கு இன்புளுவென்சாவைப் பொருட்படுத்தினாரல்லர். 1934–1935 மலேரியாவுக்குப் பலியானோர் ஏறத்தாழ 80,000 பேர். 1918–1919இன் கொள்ளைக் காய்ச்சலாலோ இலங்கை ஏறக்குறைய 3,07,000 பேரை இழந்ததென 2014இல் வெளிவந்த ஆய்வொன்று கணிக்கின்றது. நூற்றுக்கு ஆறு பேருக்கும் அதிகம்! ஆயினும் நம் நினைவில் நிலைத்தது மலேரியாவே.

அம்மைப்பால் இத்தீவுக்கு 1802இலேயே வந்துவிட்டது. 1886ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கட்டாயமாக்கிற்று. கையிலே அம்மைப்பால் தழும்பேறிய அத்தலைமுறையிடம் இக்காய்ச்சலைத் தடுக்க ஏதுமிருக்கவில்லை. மனிதரைத் தாக்கும் இன்புளுவென்சா வைரசு பிரித்தறியப்பட்டதே 1933இற்றான். தடுப்பூசி 1940களில், முதலில் அமெரிக்கப் படையினருக்கே கிட்டிற்று.

திருகோணமலைக்கு வடக்கே, கடலுக்கும் களப்புகளுக்குமிடையே நீளும் கரையில் அமைந்தது குச்சவெளி. மீன்பிடியும் வேளாண்மையும் செய்யும் முஸ்லிம்களும் தமிழரும் வாழுமிடம். மாரி பெருகினால் நகரத்து ஆசுப்பத்திரி தொலைவாகிவிடும் ஊர் அது; இறக்கக்கண்டிக் களப்பின் மேல் இன்றுள்ள பாலம் திறக்கப்பட்டது 2009இலேயே. இலங்கையில் இக்காய்ச்சல் பெருகும் பருவங்கள் இரண்டு: ஒன்று மே முதல் யூலை வரை, மற்றையது நவம்பர் முதல் சனவரி வரை. பின்னையது கீழைக்கரையின் மாரியோடு ஒன்றுகின்றது.

1918இல் இந்நோய் இளவயதினரையே மிகுதியாகக் கொன்றது. கருவுற்ற பெண்கள் அவருள்ளும் மிகுதியாக மாண்டனர். ஏனைய ஆண்டுகளில் முதியோர், குழந்தைகள், நீரிழிவு, இதயநோய், ஈளை உடையோர் ஆகியோர்க்கே இடர் மிகுதி. கருவுற்றோர்க்குத் தடுப்பூசியில் முதலிடம் தரவேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2012இல் எடுத்துரைத்தது.

அதற்கு வழி இங்குப் புதிதாக அமைக்க வேண்டியதன்று. கருவுற்றோர்க்கு ஏற்பு வலித் தடுப்பூசி 1969 முதல் இடப்படுகின்றது. 1978இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டமும் தொடங்கிற்று. மருத்துவிச்சி வீட்டு வாயிலை அறிவார். முதியோர்க்கோ அத்தகைய வாயிலொன்று அமையவில்லை. நீரிழிவுக்கு மாத்திரை வாங்கக் கிளினிக்கில் வரிசையாய் நிற்பவர்க்கு அவ்விடத்திலேயே ஊசியிடுவது இயலாத காரியமா?

வைரசு உருமாறிக்கொண்டே இருத்தலால் ஆண்டுதோறும் புதிதாக ஊசி இடவேண்டும். அது காப்பளிக்க இரு கிழமை செல்லும். ஆதலின் குச்சவெளியார்க்கு அது புரட்டாதியில், வாடைக்காற்றுக்கு முன்னரே வந்து சேரவேண்டும்.